மாலுமியின் 6 பென்ஸ்: ஒரு கடற்படைப் பள்ளியின் நிர்வாகமும் விளம்பரமும்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஸ்டூர் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தை நோக்கியபடி, ஹோல்புரூக் என்ற சிற்றூரில் ராயல் ஹாஸ்பிடல் ஸ்கூல் என்னும் விடுதிப்பள்ளி இருக்கிறது. செங்கல் கட்டடங்களின் நீண்ட வரிசை, நெடுந்தொலைவிலிருந்தே கண்ணில் படும் கோபுரம், கடற்படைச் சீருடையில் அணிவகுக்கும் மாணவ மாணவியர் ஆகியவை பள்ளி தன்னை உலகுக்குக் காட்டிக்கொள்ளும் படங்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. அவற்றை மட்டும் பார்க்கும் ஒருவர், வசதி படைத்தோர் கட்டணம் செலுத்திப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஆங்கிலேயத் தனியார் பள்ளிகளில் இதுவும் ஒன்று என்று எண்ணிக் கடந்துபோகக்கூடும். இப்பள்ளியின் உடைமையாளர் கிரீனிச் ஹாஸ்பிடல் என்னும் அரச அறநிலையம் என்பதும், அந்த அறநிலையத்தின் தொடக்க வருவாயில் ஒரு பகுதி, மாலுமிகளின் சம்பளத்திலிருந்து அவர்களைக் கேட்காமலேயே பிடித்துக்கொண்ட காசு என்பதும் படத்தில் தெரிகிற செய்திகள் அல்ல.

கல்வி அறக்கட்டளை ஒன்றின் நிர்வாகக் குழுவில் நான் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ஆண்டு விழாவுக்கு யாரை அழைப்பது, விழா மலரில் யாருடைய படம் முதலில் வருவது என்பதற்கு எங்கள் கூட்டங்களில் செலவான நேரம், விடுதிச் சமையலறையைப் பற்றிப் பேசச் செலவான நேரத்தைவிட எப்போதும் கூடுதலாகவே இருந்தது. அந்த உறுத்தலோடுதான் அறநிலையப் பள்ளிகளின் வரலாறுகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அவற்றுள் நான் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்வது கிரீனிச்சின் வரலாற்றுக்குத்தான். தன்னை ஊருக்குக் காட்டிக்கொள்வதும் தன் கணக்கை ஊருக்குக் காட்டுவதும் ஒன்றேயென்று ஒரு நிறுவனம் நம்பத் தொடங்கினால் என்ன நேரும் என்பதை, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அதன் ஆவணங்கள் வேறெந்தப் பள்ளியின் வரலாற்றையும்விடத் தெளிவாகச் சொல்கின்றன என்பது என் எண்ணம்.

1694 அக்டோபர் 25 அன்று மூன்றாம் வில்லியமும் இரண்டாம் மேரியும் அளித்த சாசனத்தின் வழியாகக் கிரீனிச் ஹாஸ்பிடல் பிறந்தது. பெயரில் ஹாஸ்பிடல் என்று இருந்தாலும் அது நோயாளிகளுக்கான இடமாக அமைக்கப்படவில்லை. முதுமையாலும் காயத்தாலும் கடலுக்குச் செல்ல இயலாமற்போன கடற்படை மாலுமிகள் தங்கி வாழும் காப்பகமாக அமைக்கப்பட்டது. சாசனம் அத்தோடு நிற்கவில்லை. போரில் மாண்ட அல்லது உறுப்பிழந்த மாலுமிகளின் மனைவியரைக் காப்பதையும், அவர்களுடைய பிள்ளைகளைப் பேணிக் கல்வி அளிப்பதையும், கப்பலோட்டும் கலையை மேம்படுத்துவதையும் அது நோக்கங்களாகக் குறிப்பிட்டது. பள்ளி பின்னாளில் யாரோ சேர்த்துக்கொண்ட கிளை அன்று, மூல ஆவணத்திலேயே எழுதப்பட்ட கடமை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பள்ளி தன் தொடக்கமாக 1712ஐக் கொள்கிறது. அக்காலத்தில் லண்டனை அடுத்த கிரீனிச்சில் தாமஸ் வெஸ்டன் நடத்திய பள்ளிக்குச் சிறுவர்கள் அனுப்பப்பட்டார்கள். வெஸ்டன், அரச வானியலாளர் ஜான் ஃபிளாம்ஸ்டீடின் உதவியாளராக இருந்தவர். ஆகவே தந்தையை இழந்த மாலுமிச் சிறுவர்களுக்கு அந்நாளின் மிகச் சிறந்த கணிதக் கல்வி கிடைக்கும் வாய்ப்பு தொடக்கத்திலேயே அமைந்தது.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1696 முதல், கடற்படை மாலுமிகள், வணிகக் கப்பல் மாலுமிகள் ஆகிய இரு சாரார் சம்பளத்திலிருந்தும் மாதம் 6 பென்ஸ் பிடிக்கப்பட்டது. அந்நாளில் கடற்படையில் தேர்ந்த மாலுமி ஒருவரின் மாதச் சம்பளம் 24 ஷில்லிங். 1653இல் வகுக்கப்பட்ட அந்தத் தொகை 1797இல் மாலுமிகள் கிளர்ந்தெழும் வரை உயரவே இல்லை. 24 ஷில்லிங் என்பது 288 பென்ஸ். அதாவது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு மாதந்தோறும் கிரீனிச்சுக்குப் போனது. வணிகக் கப்பல் மாலுமிகளின் நிலை இன்னும் மோசம். அவர்கள் தவறாமல் பணம் கட்டினார்கள். ஆனால் காப்பகம் பெரும்பாலும் கடற்படையினருக்கே உரியதாக இருந்தது. இந்தப் பிடித்தம் 1834இல்தான் அவர்களுக்கு நீக்கப்பட்டது. ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஒரு கூட்டத்தார் ஓர் அறத்துக்குக் காசு கொடுத்தார்கள், அந்த அறத்தின் நிர்வாக மேசையில் அவர்களுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை.

மற்ற வருவாய்களின் கதையும் எளிதில் மறக்கக்கூடியதன்று. கடற்கொள்ளையர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு 1701இல் தூக்கிலிடப்பட்ட கேப்டன் கிட்டிடமிருந்து பறிமுதல் செய்த பொருள்களை விற்று வந்த பணம் கிரீனிச்சுக்கு அளிக்கப்பட்டது. பதவி இழந்த ஸ்டூவர்ட் அரச மரபை மீண்டும் அரியணையில் அமர்த்த எழுந்த, 1715ஆம் ஆண்டின் ஜாகோபைட் கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக அடுத்த ஆண்டு தலை வெட்டப்பட்ட டெர்வென்ட்வாட்டர் பிரபு ஜேம்ஸ் ராட்கிளிஃபுக்கு அப்போது வயது 26. வட இங்கிலாந்தில் பரந்து கிடந்த அவருடைய நிலங்கள் பறிக்கப்பட்டு, அவற்றின் வருவாய் 1735இல் நாடாளுமன்றத்தால் கிரீனிச்சுக்கு வழங்கப்பட்டது. ஆல்ஸ்டன் மூர் பகுதியின் ஈயச் சுரங்கங்கள் அவற்றில் அடங்கும். கலங்கரை விளக்கம் கட்டிப் பெயர்பெற்ற பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் சில காலம் அந்த நிலங்களைக் கவனித்துக்கொண்டார் என்பது எனக்குப் பிடித்த ஒரு தகவல். ஆக, ஒருவரின் வியர்வை, மற்றொருவரின் தண்டனை, இன்னொருவரின் பறிபோன பரம்பரைச் சொத்து என்று பல ஊற்றுகளிலிருந்து வந்த பணம், ஒரு சாசனத்தின் கீழ் சேர்ந்து, கடலில் தந்தையைப் பறிகொடுத்த சிறுவனின் பாடப்புத்தகமாக மாறியது. இப்படிப்பட்ட பணத்தைக் கையாள்பவருக்கு மிகுந்த கூச்சம் வேண்டும்.

பள்ளிக்கெனத் தனியாக வந்த வருவாய்களில் ஒன்று என் கட்டுரைப் பொருளுக்கு நேராகவே தொடர்புடையது. ஜேம்ஸ் தார்ன்ஹில் 1707 முதல் 1726 வரை உழைத்து ஓவியம் தீட்டிய, கிரீனிச் ஹாஸ்பிடலின் பெருங்கூடம், 18ஆம் நூற்றாண்டிலேயே லண்டன்வாசிகள் காசு கொடுத்துப் பார்க்க வரும் காட்சியிடமாகிவிட்டது. அந்தப் பார்வைக் கட்டணம் சிறுவர்களின் கல்விக்கு ஒதுக்கப்பட்டது. விடுப்புக்கு மேல் வெளியில் தங்கிய முதிய மாலுமிகள் கட்டிய தண்டத் தொகையும் அதே நிதிக்குப் போனது. நிறுவனத்தின் பெருமையைக் காண வந்தவர் கொடுத்த சில்லறை ஒரு சிறுவனின் படிப்பாயிற்று என்றால், அந்த அளவில் காட்சிப்படுத்துவது நல்ல செயலே. விளம்பரத்தையே பழிப்பது என் நோக்கமன்று. அதிலிருந்து வரும் பணம் எங்கே போகிறது என்பதை எவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தால், ஓவியக்கூடமும் அறத்தின் கருவிதான். இன்றும் கிரீனிச் பகுதியின் புகழ்பெற்ற சந்தை இந்த அறநிலையத்தின் சொத்து. அங்கே கடை வைத்திருப்போர் செலுத்தும் வாடகை மாலுமிக் குடும்பங்களுக்கான நற்பணிக்குச் செல்கிறது. கைவினைப் பொருளும் சூடான சிற்றுண்டியும் வாங்கிப் போகும் பயணிகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

இனி, 1778ஆம் ஆண்டில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓர் அறநிலையத்தில் உண்மையை வெளியிடுவது என்றால் என்ன, அதற்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சியை நான் அறியேன்.

தாமஸ் பெய்லி கடற்படைத் தளபதியாக இருந்தவர்; 1761இல் கிரீனிச்சில் பதவி ஏற்று, 1774இல் அதன் துணை ஆளுநர் ஆனார். அங்கே வாழ்ந்த முதிய மாலுமிகளின் குறைகள் நாள்தோறும் அவர் காதுக்கு வந்தன. இறைச்சி தரக்குறைவாக இருந்தது, பீரில் நீர் கலந்திருந்தது, துணிகள் கிழிந்திருந்தன, முதியோர் படுக்க வேண்டிய அறைகள் அலுவலர்களின் வசதிக்கான குடியிருப்புகளாக மாறிக்கொண்டிருந்தன. இவற்றுக்கெல்லாம் வேர் நிர்வாகத்தில் இருப்பதை அவர் கண்டார். சாசனத்தின் கருத்துப்படி மாலுமிகளாக இருந்தவர்களுக்கே உரிய பதவிகளில், கடலையே அறியாதவர்கள் நியமிக்கப்பட்டிருந்தார்கள். கடற்படைத் துறையின் தலைவராக இருந்த சாண்ட்விச் பிரபுவின் தேர்தல் வேலைகளுக்கு உதவியவர்களுக்குக் கைம்மாறாக அந்த இடங்கள் கொடுக்கப்பட்டன என்பது பெய்லியின் குற்றச்சாட்டு. அவர் முதலில் உள்ளுக்குள்ளேயே மனுக்கள் கொடுத்துப் பார்த்தார். பயன் கிட்டாத நிலையில், எல்லாவற்றையும் தொகுத்து ஒரு நூலாக அச்சிட்டு, அறநிலையத்தின் பொது ஆட்சிக்குழுவினராக இருந்த பெருமக்களிடம் வழங்கினார். கடைத்தெருவில் விற்பதற்கென்று அவர் அதை அச்சிடவில்லை. மேற்பார்வை செய்யும் பொறுப்பு யாருக்கு உண்டோ அவர்கள் கையில்தான் கொடுத்தார்.

அவருக்குக் கிடைத்தது பதவி நீக்கமும் அவதூறு வழக்கும். அறநிலையத்தின் அலுவலர்கள், தங்கள் பெயரைக் கெடுத்துவிட்டதாகக் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவ்வாண்டு நவம்பரில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபுவின் முன் வழக்கு வந்தபோது, பெய்லிக்காகப் பேசிய வழக்கறிஞர்களில் மிக இளையவர் தாமஸ் எர்ஸ்கின். வழக்கறிஞராகப் பதிவு செய்து சில மாதங்களே ஆகியிருந்தன. அதுவே அவருடைய முதல் வழக்கு. முன்பு கடற்படையில் இளம் அலுவலராக இருந்தவர் அவர் என்பதும் இங்கே பொருத்தமானது. பேச்சின் நடுவே அவர் சாண்ட்விச் பிரபுவின் பெயரை எடுத்தார். அந்தப் பிரபு இந்த நீதிமன்றத்தின் முன் இல்லையே என்று நீதிபதி இடைமறித்தார். அதற்காகவேதான் அவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவருவதாக எர்ஸ்கின் பதிலளித்தார். வழக்கு தள்ளுபடியானது. எர்ஸ்கின் ஒரே நாளில் நாடறிந்த வழக்கறிஞர் ஆனார்; பின்னாளில் இங்கிலாந்தின் நீதித்துறைத் தலைமைப் பதவியான லார்ட் சான்சலராகவும் உயர்ந்தார். பெய்லிக்கோ கிரீனிச் பதவி திரும்பக் கிடைக்கவில்லை. பிரபுக்கள் அவை 1779இல் விசாரணை நடத்தியும் அவரை மீட்டு அமர்த்தவில்லை. ஆட்சி மாறிய பிறகு, 1782இல், வேறொரு துறையில்தான் அவருக்கு வேலை கிடைத்தது.

இந்த வரலாற்றை முதன்முறை படித்தபோது, எர்ஸ்கினின் துணிவே என்னைக் கவர்ந்தது. இப்போது படிக்கும்போது பெய்லியின் நிதானம்தான் கவர்கிறது. அவர் வெளியிட்டவை எல்லாம் இறைச்சி, பீர், துணி, அறை, பதவி என்று சோதித்துப் பார்க்கக்கூடிய செய்திகள். ஓர் அறநிலையம் உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை அதன் சமையலறையும் படுக்கையறையும் நியமன ஆணைகளும் சொல்லிவிடும். அந்தச் செய்திகள் ஆட்சிக்குழுவின் மேசைக்கு வந்து சேராதபடி இடையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதும், வந்து சேர்ந்துவிட்டால் நிறுவனத்தின் நற்பெயர் என்னும் வாதம் உடனே எழும் என்பதும் அன்று போலவே இன்றும் உண்மை. நற்பெயர் யாருடையது? அந்தக் காப்பகத்தின் நற்பெயரைக் கெடுத்தது நீர் கலந்த பீரா, அதைச் சொன்ன நூலா? குழுக்களில் அமர்கிறவர்கள் இந்தக் கேள்வியை ஒருமுறையாவது தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

பள்ளியின் கதைக்கு வருகிறேன். 1798இல் லண்டனின் பாடிங்டன் பகுதியில் மாலுமிகளின் பிள்ளைகளுக்கென மற்றொரு காப்பகம் தோன்றியது. பிரான்சுடன் போர் மூண்டிருந்த காலம். கடற்படைத் தளபதி நெல்சனின் வெற்றிகளைப் பாடிய நாட்டுக்கு, மாண்ட மாலுமியின் பிள்ளை என்றால் மனம் இளகியது. நன்கொடைகள் வந்தன, லாயிட்ஸ் என்னும் கப்பல் காப்பீட்டுச் சந்தையின் வணிகர்கள் தொடங்கிய தேசபக்த நிதி பெருந்தொகை கொடுத்தது, அரச குடும்பத்தினர் புரவலராயினர், மூன்றாம் ஜார்ஜ் மன்னர் கிரீனிச்சில் இருந்த குயின்ஸ் ஹவுஸ் மாளிகையையே அதற்கு வழங்கினார். மாளிகையின் இருபுறமும் டேனியல் அலெக்சாண்டர் வடிவமைத்த தூண் வரிசைகளும் புதிய கட்டடங்களும் எழுந்தன. ராயல் நேவல் அசைலம் என்று பெயர்பெற்ற இந்தக் காப்பகம் 1821இல் கிரீனிச் ஹாஸ்பிடலின் பள்ளியோடு இணைக்கப்பட்டது. காப்பகத்திலிருந்து பெண் குழந்தைகளும் வந்து சேர்ந்தார்கள். ஆனால் 1841இல் பெண்கள் பிரிவு மூடப்பட்டது. சாசனம் பிள்ளைகள் என்றுதான் சொன்னது, ஆண் பிள்ளைகள் என்று சொல்லவில்லை. மாண்ட மாலுமிகளுக்குப் பிறந்த பெண் குழந்தைகளுக்கு மறுபடியும் அந்தக் கதவு திறக்க 1991 வரை, 150 ஆண்டுகள் ஆயின. நிர்வாகம் தன் மூல ஆவணத்தை மறந்ததற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோகும் வரலாற்றுக் குறிப்புகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் பள்ளி ஏறத்தாழ ஆயிரம் சிறுவர்களைக் கொண்டதாக வளர்ந்தது. எட்வர்ட் ரிடில் போன்ற கணித ஆசிரியர்களால் கப்பலோட்டும் கல்வியில் அதற்கு நல்ல பெயர் இருந்தது. ஆயினும் ஊரார் கண்ணில் நின்றது வேறொன்று. 1843இல் மாளிகையின் முன் இருந்த புல்வெளியில், பாய்மரங்களோடும் கயிறுகளோடும் முழுக் கப்பல் ஒன்று தரையிலேயே கட்டி நிறுத்தப்பட்டது. ஃபேம் என்று பெயரிடப்பட்ட அந்தக் கப்பல் பழுதுபட்டபோது அதே பெயரில் வேறொன்று கட்டப்பட்டது. கீழே வலை விரித்திருக்க, சிறுவர்கள் பாய்மரத்தில் ஏறி வரிசையாக நிற்பார்கள். பயிற்சி என்ற அளவில் அதற்குப் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிரீனிச் பூங்காவுக்கு வந்தவர்கள் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தது பயிற்சியை மட்டுமா? நாட்டின் ஈகைக்கு நன்றி செலுத்தும் விதத்தில், ஒரே சீருடையில், ஒரே நேரத்தில் கையை உயர்த்தும் ஏழைச் சிறுவர்களின் காட்சியும் அதில் இருந்தது. அக்காலத்து ஆங்கிலேய அறப்பள்ளிகள் பலவற்றில் நன்கொடையாளருக்குப் பிள்ளைகளைப் பரிந்துரைக்கும் உரிமை இருந்தது. பிள்ளைகள் நன்கொடையாளர் முன் வரிசையில் வந்து நிற்பது ஆண்டு வழக்கம். பெற்றுக்கொண்டவன் கொடுத்தவன் முன் நின்று தன் நன்றியைக் காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும் இடத்தில், பெற்றுக்கொண்டவன் குறை சொல்ல முடியாது. எட்டு, பத்து வயதுப் பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம்.

1865ஆம் ஆண்டின் கிரீனிச் ஹாஸ்பிடல் சட்டம் பழைய நிர்வாக அமைப்பை நீக்கி, முழுப் பொறுப்பையும் கடற்படைத் துறையான அட்மிரால்டியிடம் ஒப்படைத்தது. முதிய மாலுமிகளுக்குக் காப்பகத்துக்குப் பதிலாக ஓய்வூதியம் அளிக்கப்பட்டு, 1869இல் அவர்கள் அந்த மாளிகைகளை விட்டு வெளியேறினார்கள். பள்ளி மட்டும் தொடர்ந்தது. 1892இல் அதற்கு ராயல் ஹாஸ்பிடல் ஸ்கூல் என்ற இன்றைய பெயர் வந்தது. பல பேர் கையில் சிதறிக்கிடந்த பொறுப்பு ஒரே துறையின் கீழ் வந்ததால் ஊழல் குறைந்தது என்று சொல்லலாம். ஆனால் வேறொரு சிக்கல் தொடங்கியது. அதைப் பற்றி வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் குறை. பிள்ளைகளின் நலனைக் காக்க வேண்டிய அறங்காவலரும், பள்ளி முடித்த சிறுவர்களை வேலைக்கு எடுக்கும் முதலாளியும் ஒரே துறையாகிவிட்டன. பெரும்பாலான சிறுவர்கள் நேராகக் கடற்படைக்கே போனார்கள். தந்தையைக் கடலுக்குக் கொடுத்த வீட்டிலிருந்து மகனையும் கடலுக்கே எடுத்துக்கொள்வதுதான் அவனுக்கு நல்லது என்று முடிவு செய்தது யார்? அவனுடைய அறங்காவலர்; அதாவது அவன் தேவைப்பட்ட கடற்படை. அந்தச் சிறுவர்களில் பலர் மகிழ்ச்சியோடு போயிருக்கலாம், சிறந்த வாழ்க்கையும் பெற்றிருக்கலாம். ஆனாலும் இருபுற நலன்கள் மோதும் இடத்தில், பிள்ளையின் பக்கம் நின்று கேட்க ஒரு மூன்றாம் குரல் அமைப்பிலேயே இருந்திருக்க வேண்டும்.

முதல் உலகப் போருக்குப் பின், கடற்படையின் பணிக்கு நன்றியாகக் கிஃபர்ட் ஷெர்மன் ரீட் என்னும் செல்வந்தர் ஹோல்புரூக்கில் இருந்த தம் நிலத்தை அளித்தார். ஹெர்பர்ட் டியூடர் பக்லண்ட் கட்டடங்களை வடிவமைத்தார். பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான யார்க் கோமகன் 1928இல் அடிக்கல் நாட்டினார். 1933இல் பள்ளி கிரீனிச்சை விட்டு அங்கே குடிபெயர்ந்தது. பழைய கட்டடங்களில் 1937இல் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. விடுதிகளுக்கு நெல்சன், டிரேக், ஹாக், காலிங்வுட் என்று தளபதிகளின் பெயர்களே வைக்கப்பட்டன. 6 பென்ஸ் கொடுத்த மாலுமிகளில் ஒருவர் பெயரும் எந்த விடுதிக்கும் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் கடற்படை சுருங்கியது. அதில் பணியாற்றும் குடும்பங்களின் எண்ணிக்கையும் குறைந்தது. இலவசப் பள்ளி சிறிது சிறிதாகக் கட்டணப் பள்ளியாக மாறியது. 2006இல் கடல் தொடர்பு ஏதுமில்லாத குடும்பங்களின் பிள்ளைகளும் சேரலாம் என்ற நிலை வந்தது. இதை நான் துரோகம் என்று சொல்லமாட்டேன். பெரிய கட்டடங்களையும் ஆசிரியர்களையும் வைத்துக்கொண்டு இடங்கள் காலியாகக் கிடந்தால், எஞ்சியிருக்கும் மாலுமிப் பிள்ளைகளுக்கும் பள்ளி இல்லாமற்போகும். முழுக் கட்டணம் செலுத்தும் குடும்பங்கள் வருவதால் பள்ளி உயிரோடு இருக்கிறது. அறநிலையம் கடல்சார் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் அளிக்க முடிகிறது. நான் குறுக்கிட விரும்புவது விளம்பரத்தில்தான். முழுக் கட்டணம் செலுத்தும் பெற்றோரை ஈர்ப்பதற்காக எழுதப்படும் விளக்கக் கையேட்டில், கடற்படை மரபு ஓர் அலங்காரமாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. சீருடை அழகாக இருக்கிறது, அணிவகுப்பு கம்பீரமாக இருக்கிறது, பாய்ப்படகுப் பயிற்சி இருக்கிறது என்பவை எல்லாம் சரி. அந்தச் சீருடை யாருக்காக முதலில் தைக்கப்பட்டது, இன்று பள்ளியில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அத்தகைய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், அவர்களில் உதவி பெறுவோர் எத்தனை பேர் என்பவை அதே கையேட்டில், அதே அளவு எழுத்தில் இடம்பெற வேண்டும். இப்படிப்பட்ட பின்புலம் கொண்ட எந்தப் பள்ளிக்கும் இதைச் சொல்வேன்.

நிர்வாக அமைப்பையும் அதேபோல் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சட்டப்படி கிரீனிச் ஹாஸ்பிடல் ஓர் அரச அறநிலையம். பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சரே, அரசின் சார்பில், அதன் ஒரே அறங்காவலர். பள்ளிக்கென ஆட்சிக்குழு இருந்தாலும், உடைமையும் இறுதிப் பொறுப்பும் மேலே அங்கேதான். அறநிலையத்தின் கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டு நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுவது ஒரு சிறந்த மரபு. ஆனால் அதே அமைச்சரின் துறைதான், அடிக்கடி இடம் மாறும் படைவீரர் குடும்பங்களின் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிப்பதற்கான கல்வித் தொடர்ச்சிப் படியை வழங்குகிறது. பெற்றோர் ஒரு சிறு பங்கைத் தாங்களே செலுத்த, மீதியில் ஒரு வரம்பு வரை அரசு தருகிறது. அதாவது பெற்றோரின் முதலாளி, கட்டணத்தில் பெரும் பகுதியைக் கொடுப்பவர், பள்ளியின் அறங்காவலர் ஆகிய மூன்றும் ஓர் அமைச்சகத்தின் கூரையின் கீழ் வந்து சேர்கின்றன. தன் பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல வேண்டிய ஒரு மாலுமிக்கு, யாரிடம் போனாலும் தன் மேலதிகாரிகளின் மேலதிகாரியிடம் போவது போலத் தோன்றினால் அதில் வியப்பில்லை. 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணங்கள் மீது 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்பட்ட பிறகு, பணத்தைப் பற்றிய கவலை ஆட்சிக்குழுக்களின் நேரத்தை இன்னும் கூடுதலாக விழுங்கும். மற்றவற்றுக்கு நேரம் குறையும். எனக்குப் பழக்கப்பட்ட அந்தக் கூட்டங்களை நினைத்தே இதைச் சொல்கிறேன்.

மற்றவை என்று நான் சொல்வதில் முதன்மையானது பிள்ளைகளின் பாதுகாப்பு. இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகளை ஆராய்ந்த சுதந்திர விசாரணை ஆணையம், விடுதிப்பள்ளிகளைப் பற்றிய தன் அறிக்கையை 2022 மார்ச்சில் வெளியிட்டது. பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகளைக் காப்பதைவிடப் பள்ளியின் பெயரைக் காப்பதே மேலோங்கியிருந்தது என்பது அதன் முடிவுகளில் ஒன்று. பெய்லியின் வழக்குக்குப் பின் இரண்டரை நூற்றாண்டு கழித்து, அதே நற்பெயர் வாதம், இம்முறை பீருக்கும் இறைச்சிக்கும் பதிலாகக் குழந்தைகளின் உடல்மீது. அறநிலையப் பள்ளிகளில் இந்த ஆபத்து ஒரு படி கூடுதல் என்று நான் நினைக்கிறேன். கட்டணம் செலுத்தும் பெற்றோர் கோபம் வந்தால் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடலாம். சலுகையில் படிக்கும் பிள்ளையின் தாய், கணவர் கடலில் இருக்கும்போது, அந்த இடத்தை இழந்தால் வேறு பள்ளிக்கு எங்கே போவார்? நன்றியுணர்வும் அச்சமும் சேர்ந்து அவருடைய வாயைக் கட்டிவிடும்.

பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் சட்டம், பணியிடத்துத் தவறுகளை வெளிப்படுத்தும் தொழிலாளர்களைப் பாதுகாக்கிறது. ஆசிரியரும் விடுதிப் பணியாளரும் அதன் கீழ் வருவார்கள். மாணவரும் பெற்றோரும் தொழிலாளர் அல்லர். ஆகவே அவர்களுக்கான வழியைப் பள்ளியின் ஆட்சிமுறையே உருவாக்கித் தர வேண்டும். இங்கிலாந்தின் விடுதிப்பள்ளிகளுக்கான குறைந்தபட்சத் தரநெறிகள், பள்ளியின் நிர்வாகத்தோடு தொடர்பில்லாத ஒருவரை ஒவ்வொரு விடுதி மாணவரும் நேரே அணுகும்படி அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும் என்கின்றன. வழக்கமாக அந்தப் பெயரும் எண்ணும் விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். அங்கே மட்டும் இருந்தால் போதாது என்று கருதுகிறேன். விளக்கக் கையேட்டின் முதல் சில பக்கங்களிலேயே, அணிவகுப்புப் படத்துக்குப் பக்கத்தில், அந்த வெளியாள் யார், அவரை எப்படி அழைப்பது, அவர் கேட்ட குறைகள் எந்தக் குழுவின் முன் எந்த மாதத்தில் வைக்கப்படும், முந்தைய ஆண்டில் அப்படி எத்தனை குறைகள் வந்தன, அவற்றில் எத்தனை தீர்ந்தன என்பவை அச்சிடப்பட வேண்டும். ஆட்சிக்குழுவில் குறைந்தது இரு இடங்களாவது, உதவித்தொகையில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும், அதிகாரி நிலைக்குக் கீழே உள்ள மாலுமிகளின் குடும்பங்களுக்கு உரியவை என்று விதியாக எழுதப்பட வேண்டும்; அவர்களைத் தேர்ந்தெடுப்பது அமைச்சகமாக இல்லாமல் அத்தகைய குடும்பங்களாகவே இருக்க வேண்டும். கடலில் இருக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு நேரில் வர முடியாது என்பது இப்போது ஒரு தடையன்று. கப்பலில் இருந்தபடியே காணொளியில் கலந்துகொள்ளலாம், அதற்கு இயலாத நாட்களில் கணவனோ மனைவியோ அந்த நாற்காலியில் அமரலாம்.